கையில் ராஜா மட்டும், நடுவில் 18 லட்சம்: 2003-ன் அந்த ஒரு பிளஃப்

2003 மே மாதம். லாஸ் வேகஸின் பழைய நகர்ப் பகுதியில் இருந்த பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதி. உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குத் தலைக்கு 10,000 டாலர் என்ற கணக்கில் 839 பேர் உட்கார்ந்து, கடைசியில் இரண்டே பேர் மிஞ்சியிருந்தார்கள்.

ஒருவர் சாமி ஃபர்ஹா. லெபனானில் பிறந்தவர், அமெரிக்காவில் பெரிய தொகை மேசைகளில் ஆடிப் பழகிய தொழில்முறை ஆட்டக்காரர், பற்றவைக்காத சிகரெட்டை உதட்டில் தொங்கவிட்டபடி ஆடுபவர். மற்றவர் கிறிஸ் மனிமேக்கர். மனிமேக்கர் என்பது பட்டப்பெயர் இல்லை, பிறப்பிலேயே வந்த குடும்பப் பெயர். டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த 27 வயதுக் கணக்காளர். 86 டாலர் இணையத் தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்தவர்.

முதல் பரிசு 25 லட்சம் டாலர், இரண்டாம் பரிசு 13 லட்சம். இருவர் ஆட்டம் தொடங்கும் முன் பரிசைச் சமமாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று ஃபர்ஹாவிடம் கேட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் மனிமேக்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக, எதிரே இருப்பவன் தன்னைவிடக் கெட்டிக்காரன் என்று மனிமேக்கருக்குத் தெரியும். அது தெரிந்த ஒருவன் எப்போது, எவ்வளவு பிளஃப் அடிக்க வேண்டும், அதாவது நல்ல சீட்டு இருப்பதுபோல் பந்தயம் கட்டி எதிராளியை விலக வைக்க வேண்டும்? அந்த மேசையில் ஆடப்பட்ட ஒரே ஒரு கையை (சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் ஒரு சுற்றை) வைத்து அதைப் பார்க்கப் போகிறேன். இருபது வருடங்களுக்கு மேலாக எல்லோரும் இதைத் தைரியத்தின் கதையாகவே சொல்லிவருகிறார்கள். எனக்கு இது சீட்டுத் தேர்வின் கதையாகத்தான் படுகிறது.

அந்தக் கை

டெக்சஸ் ஹோல்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு, மேசையில் ஐந்து பொதுச் சீட்டு. முதலில் மூன்று திறக்கும், அது ஃப்ளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். கட்டாமல் விட்டால் செக். எதிராளி கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது கால். கட்ட மனமில்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து விலகலாம். நடுவில் சேரும் பணத்தை ஆட்டக்காரர்கள் பாட் என்பார்கள். நான் நடுப்பணம் என்றே எழுதுகிறேன்.

மனிமேக்கர் கையில் ஸ்பேடு ராஜாவும் ஹார்ட்டின் ஏழும். ஃபர்ஹா கையில் ஸ்பேடு ராணியும் ஹார்ட்டின் ஒன்பதும். இருவரும் தலைக்கு ஒரு லட்சம் சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) போட்டபின் ஃப்ளாப் திறந்தது: ஸ்பேடு ஒன்பது, டைமண்ட் இரண்டு, ஸ்பேடு ஆறு. ஃபர்ஹாவுக்கு மேசையின் உயர்ந்த ஜோடி அமைந்துவிட்டது. மனிமேக்கருக்கு எதுவுமில்லை. இருவருமே செக்.

டர்ன் ஸ்பேடு எட்டு. இந்த ஒரு சீட்டில் எல்லாம் மாறியது. ஃபர்ஹா 3 லட்சம் கட்டினார். மனிமேக்கர் அதை 8 லட்சமாக ஏற்றினார். ஃபர்ஹா கால் செய்தார். நடுப்பணம் 18 லட்சம் ஆனது.

ரிவர் ஹார்ட்டின் மூன்று. யாருக்கும் உதவாத சீட்டு. ஃபர்ஹா செக். மனிமேக்கர் ஆல்-இன், கையிருப்பு முழுவதும் பந்தயம்.

ஃபர்ஹா நெளிந்தார், சிப்பை உருட்டினார், எதிரே இருப்பவனைப் பார்த்தார். ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே இனத்துச் சீட்டு ஐந்து சேர்வதற்கு) காத்திருந்து அது வரவில்லை போலிருக்கிறதே என்ற பொருளில் பேச்சுக் கொடுத்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மனிமேக்கர் சிலைபோல் இருந்தார். அவரிடம் ஜோடிகூட இல்லை, ராஜா உயர்வு மட்டும்தான். ஃபர்ஹா ஜெயிக்கும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகினார்.

தொலைக்காட்சி வர்ணனையாளர் நார்மன் சாட், நூற்றாண்டு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று தெரிந்திருந்தும் இதை நூற்றாண்டின் பிளஃப் என்றே அழைத்தார். மூடிய சீட்டைப் பார்வையாளர்களுக்குக் காட்டும் கேமரா இருந்ததால், வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஃபர்ஹாவுக்குத் தெரியாத உண்மையைத் தெரிந்துகொண்டே அந்த நிமிடங்களைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு இதே போட்டிக்கு 2,576 பேர் வந்தார்கள், 2005-ல் 5,619, 2006-ல் 8,773.

மிரட்டல் தொடங்கியது டர்னில்

எல்லோரும் ரிவரின் ஆல்-இன்னைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு டர்னில் நடந்த ஏற்றம்தான் இந்தக் கையின் உயிர். அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

மேசையில் ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு. அதில் மூன்று ஸ்பேடு. மனிமேக்கர் கையில் ஸ்பேடு ராஜா இருப்பதால் இன்னொரு ஸ்பேடு விழுந்தால் ஃப்ளஷ். கையில் ஏழு இருப்பதால் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று நான்கு வரிசையாக நிற்கின்றன, ஐந்தோ பத்தோ வந்தால் ஐந்து சீட்டும் வரிசையாகி ஸ்ட்ரெய்ட். இன்னொரு ராஜா வந்தால்கூட ஃபர்ஹாவின் ஒன்பது ஜோடியை வெல்லும். எண்ணிப் பாருங்கள். மிச்சம் இருக்கும் ஸ்பேடு 8. ஸ்பேடு அல்லாத ஐந்தும் பத்தும் சேர்த்து 6. ராஜா 3. மொத்தம் 17 சீட்டு. இருவர் கையையும் மேசையையும் கழித்தால் கட்டில் மிஞ்சுவது 44. அதாவது கையில் ஒன்றுமே இல்லாதவர் போலத் தெரிந்த மனிமேக்கருக்கு ஏறத்தாழ 39 சதவீத வாய்ப்பு இருந்தது.

இப்போது காசுக் கணக்கு. மனிமேக்கர் முறை வந்தபோது நடுவில் 5 லட்சம் கிடந்தது. அவர் 8 லட்சம் போடுகிறார். கையில் எந்த வாய்ப்பும் இல்லாத வெறும் பிளஃப் என்றால், 13-ல் 8 முறை, அதாவது கிட்டத்தட்ட 62 சதவீதம், எதிராளி விலகினால்தான் நட்டமில்லை. இங்கே நிலைமை வேறு. ஃபர்ஹா கால் செய்தாலும் 18 லட்சத்தில் 39 சதவீதம், சுமார் 7 லட்சம், மனிமேக்கர் பக்கம் இருக்கிறது. போட்ட 8 லட்சத்தில் சராசரியாகப் போவது ஒரு லட்சம்தான். ஃபர்ஹா விலகினால் வருவது 5 லட்சம். ஆறு முறைக்கு ஒரு முறை ஃபர்ஹா விலகினாலே அந்த ஏற்றம் சமனாகிவிடும். 62 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் 17 சதவீதம் போதும்.

அரை பிளஃப் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். மாட்டிக்கொண்டாலும் தப்பிக்க ஒரு வழி இருக்கும்போது மிரட்டுவது. எப்போது பிளஃப் அடிக்கலாம் என்று கேட்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது: கடைசிச் சீட்டு வரும்வரை பொறுத்திருந்து, ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் அடிக்காதீர்கள். வாய்ப்பு உள்ள சீட்டோடு முந்தைய கட்டத்திலேயே தொடங்குங்கள். அப்படித் தொடங்கிய கைகளில் சில நிறைவேறும், சில நிறைவேறாது. நிறைவேறாதவையே ரிவரில் உங்கள் பிளஃப். 44-ல் 27 முறை மனிமேக்கருக்கு இந்தக் கை நிறைவேறாமல் போகும். போனது.

மூன்று சீட்டும் புளியங்கொட்டையும்

சரி, நிறைவேறாதபோதெல்லாம் அடித்துவிடலாமா? கூடாது. எத்தனை முறை என்பதற்கு ஒரு அளவு உண்டு. அதைக் கணிதம் போக்கருக்குள் கொண்டுவந்து நெடுநாளாகிறது. ஜான் வான் நியூமன், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து 1944-ல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். அதில் எனக்கு மிகப் பிடித்த முடிவு: பந்தயம் கட்ட வேண்டியது மிக நல்ல சீட்டோடும் மிக மோசமான சீட்டோடும். நடுத்தரச் சீட்டை செக் செய்துவிட வேண்டும். நடுத்தரச் சீட்டு திறந்து காட்டினாலே சில சமயம் ஜெயிக்கும், அதை எதற்கு மிரட்டலுக்குச் செலவழிக்க வேண்டும்? மோசமான சீட்டுக்குத்தான் மிரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

1950-ல் ஹரால்ட் குன் இதை மூன்றே சீட்டில் அடக்கினார். ராஜா, ராணி, ஜாக்கி. இருவர் ஆட்டம். ஆளுக்கு ஒரு காசு நடுவில், ஆளுக்கு ஒரு சீட்டு. ஒரே ஒரு காசு பந்தயம் கட்டலாம். உயர்ந்த சீட்டு ஜெயிக்கும்.

இதை என் மைத்துனரோடு ஒரு மழைநாள் சாயங்காலம் புளியங்கொட்டை வைத்து ஆடிப் பார்த்தேன். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். ராஜா வந்தால் மட்டும் பந்தயம் கட்டுவார். நான் ஒவ்வொரு தடவையும் விலகிவிடுவேன். அரை மணி நேரத்தில் ராஜா பத்து தடவைக்கு மேல் அவருக்கு வந்திருக்கும், ஆனால் நடுவில் கிடந்த என் ஒற்றைக் கொட்டைக்கு மேல் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு குன் கண்ட விடையை அவரிடம் சொன்னேன்: நான் செக் செய்தபின் உங்கள் கையில் ஜாக்கி இருந்தால் மூன்றில் ஒரு முறை பந்தயம் கட்டுங்கள், எந்த முறை என்று எனக்குத் தெரியக் கூடாது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஜாக்கி வரும்போது வினாடி முள் இருபதுக்குள் இருந்தால் கட்டுவார், தாண்டியிருந்தால் செக். நான் அவர் முகத்தைப் படித்துப் பயனில்லை, ஏனென்றால் முடிவு அவருடையதே இல்லை, முள்ளுடையது.

ராணியை வைத்துக்கொண்டு எனக்குத் தலை கனத்தது. விலகினால் ஜாக்கிக்கு ஏமாறுகிறேன், கட்டினால் ராஜாவிடம் மாட்டுகிறேன். "மச்சான், இப்பதான் என் ராஜாவுக்கு ஒரு மதிப்பு வந்திருக்கு" என்றார் அவர். பிளஃப் எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அந்த அளவு எங்கிருந்து வருகிறது? நடுவில் 2, பந்தயம் 1. ராஜா மூன்றுக்கு ஜாக்கி ஒன்று, அதாவது கட்டும் நான்கு முறையில் ஒன்று பொய். கால் செய்ய நினைப்பவர் 1 போட்டு, கடைசியில் 4 ஆகும் நடுப்பணத்துக்கு ஆசைப்படுகிறார். நான்கில் ஒரு முறை ஜெயித்தால் அவருக்குச் சமன். பொய்யின் அளவும் அதே நான்கில் ஒன்று என்பதால் கட்டினாலும் விலகினாலும் அவருக்கு ஒன்றுதான். எதிராளியை அந்த இரண்டுங்கெட்டான் நிலையில் நிறுத்துவதுதான் குறி.

பந்தயம் பெரிதானால் பொய்யின் அளவும் கூட வேண்டும். பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள், பெரிய பந்தயம் என்றால் உண்மையாக இருக்க வேண்டும் என்று. நடுப்பணத்துக்குச் சமமாகக் கட்டினால் மூன்றில் ஒன்று பொய்யாக இருக்கலாம். ஒன்றரை மடங்கு கட்டினால் எட்டில் மூன்று, அதாவது 37.5 சதவீதம்.

ஸ்பேடு ராஜா என்ன செய்தது

ரிவருக்கு வருவோம். மனிமேக்கரின் ஆல்-இன் நடுப்பணத்தைவிடப் பெரியது. கணக்கு எளிதாக இருக்க ஒன்றரை மடங்கு, 27 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். 45-ல் 27, அதாவது 60 சதவீதம் முறை ஃபர்ஹா விலகினால் மனிமேக்கருக்கு நட்டமில்லை. செக் செய்து சீட்டைத் திறந்தால் ராஜா உயர்வு ஜெயிப்பது அபூர்வம். வான் நியூமன் சொன்ன மிக மோசமான சீட்டு வகைதான் இது.

ஆனால் மோசமான சீட்டுகளிலும் தரம் உண்டு. மேசையில் மூன்று ஸ்பேடு கிடக்கிறது. எதிராளி கையில் இரண்டு ஸ்பேடு இருக்கும் வழிகள் எத்தனை? மேசையில் இல்லாத பத்து ஸ்பேடில் இரண்டு எடுக்க 45 வழி. ஸ்பேடு ராஜா என் கையில் இருந்தால் மிச்சம் ஒன்பது, அதில் இரண்டு எடுக்க 36 வழிதான். ஒரே ஒரு சீட்டு எதிராளியின் ஃப்ளஷ்களில் ஐந்தில் ஒரு பங்கைத் துடைத்துவிட்டது. ஏழையும் பாருங்கள். ஆறு, எட்டு, ஒன்பதை வைத்து ஸ்ட்ரெய்ட் அமைக்க யாருக்கும் ஏழு வேண்டும். ஒரு ஏழு மனிமேக்கரிடம் இருக்கிறது. ஃபர்ஹா தயங்காமல் கால் செய்யக்கூடிய கைகள் எவையோ, அவற்றின் சாவிச் சீட்டுகள் இரண்டுமே மனிமேக்கரிடம். பிளாக்கர் என்று இப்போது எல்லோரும் பேசும் விஷயம் இது. 2003-ல் மேசையில் உட்கார்ந்து அவர் 45, 36 என்று எண்ணியிருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் எண்ணியிருந்தாலும் இதைவிடச் சிறந்த சீட்டு பிளஃப்புக்கு அதிகம் கிடைத்திருக்காது.

என் மைத்துனருக்கு வினாடி முள் செய்த வேலையை இங்கே சீட்டு செய்கிறது. நிறைவேறாத எல்லாக் கையையும் அடிக்காமல், பெரிய ஸ்பேடு ஒன்று கையில் இருக்கும்போது மட்டும் அடித்து, மற்றவற்றை விட்டுவிட்டால், அளவு தானாகவே கட்டுக்குள் நிற்கும். மனநிலை முடிவெடுப்பதில்லை.

இன்னொன்று, கதை ஒட்டுகிறதா என்பது. ஃப்ளாப்பில் செக், மூன்றாவது ஸ்பேடு விழுந்ததும் ஏற்றம், ரிவரில் எல்லாம். ஏழும் பத்தும் வைத்திருந்தவன் எப்படி ஆடியிருப்பான்? ஃப்ளாப்பில் கையில் ஒன்றும் இல்லை, செக். டர்னில் எட்டு விழுந்து ஸ்ட்ரெய்ட், ஏற்றம். ரிவரில் எல்லாவற்றையும் நடுவில் தள்ளுவான். இரண்டு ஸ்பேடோடு ஃப்ளாப்பில் அமைதியாக இருந்தவனும் இதே மாதிரிதான் ஆடியிருப்பான். மனிமேக்கரின் ஒவ்வொரு அடியும் உண்மையான பெரிய கையின் அடியோடு பொருந்துகிறது. ஃப்ளாப்பில் அடித்து, டர்னில் செக் செய்து, ரிவரில் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளியிருந்தால் ஃபர்ஹா அவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டார்.

ஃபர்ஹாவின் நாற்காலி

ஃபர்ஹா தவறு செய்தாரா? சீட்டு தெரிந்த நமக்கு ஆமாம் என்று சொல்வது எளிது.

அவர் கையில் இருந்த ஒன்பது ஜோடி மிரட்டலை மட்டும்தான் வெல்லும். மனிமேக்கர் உண்மையாகக் கட்டியிருந்தால் தோற்கும். எனவே அவருக்கு முன்னால் இருந்தது ஒரே கேள்வி: இந்த மனிதன் எட்டில் மூன்று முறைக்கு மேல் பொய் சொல்வானா? உலகின் மிகப் பெரிய போட்டியின் கடைசி மேசைக்கு முதன்முறையாக வந்த கணக்காளர், 13 லட்சம் கையில் உறுதியாக இருக்கும்போது, ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் தள்ளுவார் என்று அந்தக் காலத்தில் யார் எதிர்பார்த்திருப்பார்கள்? புது ஆட்டக்காரர்கள் பெரிய தொகைக்கு அரிதாகவே பொய் சொல்வார்கள் என்பது அனுபவம் கொடுத்த பாடம். அந்தப் பாடத்தை நம்பி விலகியதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சூத்திரம் வேறொன்றும் சொல்கிறது. ஒன்றரை மடங்குப் பந்தயத்துக்கு எதிராக, இந்த இடத்துக்கு வந்துசேரும் தன் கைகளில் 40 சதவீதத்தையாவது ஃபர்ஹா தக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் எதிராளி எந்தக் குப்பையை வைத்தும் அடித்து லாபம் பார்க்கலாம். அந்த 40 சதவீதத்துக்குள் மேசையின் உயர்ந்த ஜோடி வருமா? அவர் கையில் ஸ்பேடு ராணியும் இருந்தது. அது மனிமேக்கர் வைத்திருக்கக்கூடிய ஃப்ளஷ்களைக் குறைக்கிறது, கால் செய்ய ஒரு காரணம். அதே ராணி, ராணியை மட்டும் வைத்து ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருந்து ஏமாந்த பொய்க் கைகளையும் குறைக்கிறது, அது விலக ஒரு காரணம். இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்தால், சில முறை கால், சில முறை விலகல் என்று கலக்க வேண்டிய கை என்பது என் கணிப்பு. இன்று யாரோடாவது ஆடி இந்த இடம் வந்தால் நான் கால் பக்கம்தான் சாய்வேன்.

எனக்கு வருத்தம் அவர் விலகியதில் இல்லை. ஃப்ளஷ் வரவில்லையா என்று அவர் கேட்டாரே, அது முழுக்கச் சரியான ஊகம். ஆனால் விடையை அவர் தேடியது எதிராளியின் முகத்தில். கறுப்புக் கண்ணாடி அணிந்து உறைந்து கிடக்கும் முகத்தில் என்ன எழுதியிருக்கும்? விடை மேசையில் இருந்தது. எத்தனை உண்மைக் கை இந்த வழியில் வரும், எத்தனை பொய்க் கை வரும் என்ற எண்ணிக்கையில்.

இருவர் மட்டும் என்பதால்

இந்தக் கையை ஒன்பது பேர் மேசைக்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். ஒருவர் 60 சதவீதம் விலகுவார் என்று வைத்துக்கொண்டால், இருவர் சேர்ந்து விலகும் வாய்ப்பு 36 சதவீதம்தான். இருவர் ஆட்டத்தில் நம்ப வைக்க வேண்டியது ஒரே ஆளை. அதோடு, ஒவ்வொரு கைக்கும் கட்டாயப் பணம் இருவர் பையிலிருந்தும் போவதால் நல்ல சீட்டுக்காகக் காத்திருக்க முடியாது. இருவருமே சுமாரான சீட்டோடு வருகிறார்கள். சுமாரான சீட்டுக்காரனைத்தான் மிரட்ட முடியும்.

போட்டியில் பலர் மிஞ்சியிருக்கும்போது இழக்கும் சிப்பின் வலி, ஜெயிக்கும் சிப்பின் சுகத்தைவிடப் பெரிது, ஏனென்றால் வெளியேறினால் அடுத்தவர் ஒரு படி ஏறிவிடுவார். இருவர் மட்டும் மிஞ்சும்போது அந்தக் கவலை போய்விடுகிறது. இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதி. ஆடுவது மிச்ச 12 லட்சம் டாலருக்கு. மேசையில் இருந்த மொத்தச் சிப் 83.9 லட்சம். ஒரு சிப் ஏறத்தாழ 14 சென்ட். அந்த 18 லட்சம் நடுப்பணம் இரண்டரை லட்சம் டாலருக்குச் சற்று மேல். பரிசுத் தொகையை நினைத்துக் கை நடுங்காதவனுக்கு இது சாதாரணச் சிப் கணக்கு. நடுங்காமல் இருந்ததுதான் மனிமேக்கரின் தைரியம் என்றால், அந்தத் தைரியத்தை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

எவ்வளவு?

27 லட்சத்துக்குப் பதில் 9 லட்சம் கட்டியிருந்தால்? மூன்றில் ஒரு முறை ஃபர்ஹா விலகினாலே போதும், கேட்க மலிவாகத் தெரிகிறது. ஆனால் ஃபர்ஹா பக்கம் பாருங்கள்: 9 லட்சம் போட்டு, மொத்தம் 36 லட்சமாகும் நடுப்பணத்துக்கு ஆசைப்படலாம். நான்கில் ஒரு முறை சரியாக இருந்தால் போதும். உயர்ந்த ஜோடியை வைத்துக்கொண்டு அந்த விலைக்கு யாரும் விலக மாட்டார்கள். அதுவும் ஃபர்ஹா மாதிரி ஆர்வமாகக் கால் செய்யும் ஆட்டக்காரர் விலகவே மாட்டார். அந்த 9 லட்சம் தானமாகப் போயிருக்கும்.

பெரிய தொகை பொருந்தியதற்கு இன்னொரு காரணம் ஃபர்ஹாவின் முந்தைய நடவடிக்கையில் இருக்கிறது. டர்னில் ஃப்ளஷ்ஷோ ஸ்ட்ரெய்ட்டோ அமைந்திருந்தால், 8 லட்சமாக ஏற்றியபோது அவர் பெரும்பாலும் திருப்பி ஏற்றியிருப்பார். வெறும் கால் செய்ததால் அவர் கை ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, அல்லது காத்திருக்கும் கை என்று சுருங்கிவிட்டது. எதிராளியின் கைக்கு மேலே கூரை விழுந்துவிட்டது என்று தெரிந்தால், அந்தக் கூரைக்கு மேலிருந்துதான் அடிக்க வேண்டும். உண்மைக் கை வைத்திருந்தாலும் பெரிதாகத்தான் கட்ட வேண்டும், பொய்க் கைக்கும் அதே தொகை. இரண்டுக்கும் வேறு வேறு தொகை வைத்தால் கவனித்து ஆடுபவன் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவான்.

நடுப்பணத்தைவிடப் பெரிய பந்தயத்தைக் கற்றுக்குட்டி வேலை என்று அந்நாளில் பலர் ஒதுக்கினார்கள். இயந்திரங்கள்தான் அந்த எண்ணத்தை உடைத்தன. 2015-ல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டமைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். லிமிட் ஆட்டத்தில் பந்தயத் தொகை விதியிலேயே கட்டப்பட்டது. ஆகவே அங்கே எத்தனை முறை என்பது மட்டும்தான் கேள்வி, எவ்வளவு என்பது இல்லை. தொகைக்கு வரம்பில்லாத ஆட்டத்தில் 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரின் ரிவர்ஸ் சூதாட்ட விடுதியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை எதிர்கொண்டது. தூமஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய நிரல். 20 நாளில் 1,20,000 கை. ஒவ்வொன்றும் இருவர் ஆட்டம். நிரல் 17 லட்சம் டாலர் மதிப்புக்கும் மேலான சிப் முன்னிலையோடு முடித்தது. ஆடியவர்களை அதிகம் தடுமாற வைத்தவற்றில் ஒன்று, சின்ன நடுப்பணத்தின் மேல் அது திடீரென்று தள்ளிய பெரும் பந்தயங்கள். சில முறை மிக நல்ல கையோடு, சில முறை ஒன்றுமில்லாமல். அதற்கு முகம் இல்லை, நெளியும் விரல் இல்லை. அதனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்க ஃபர்ஹாவாலும் முடிந்திருக்காது.

கடைசிக் கை

பிளஃப் அடித்தபின் மனிமேக்கர் முன்னால் சிப் மலைபோல் குவிந்தது. ஆட்டம் அதன்பின் அதிக நேரம் நீடிக்கவில்லை.

முடிவைத் தந்த கையில் மனிமேக்கரிடம் டைமண்ட் ஐந்தும் ஸ்பேடு நான்கும். ஃபர்ஹாவிடம் ஹார்ட்டின் ஜாக்கியும் டைமண்ட் பத்தும். ஃப்ளாப்பில் ஸ்பேடு ஜாக்கி, ஸ்பேடு ஐந்து, கிளாவர் நான்கு. மறுபடியும் ஃபர்ஹாவிடம் மேசையின் உயர்ந்த ஜோடி. மறுபடியும் எதிரே அதே தொப்பி, அதே கறுப்புக் கண்ணாடி. இந்த முறை ஃபர்ஹா விலகவில்லை, அவருடைய சிப் முழுவதும் ஃப்ளாப்பிலேயே நடுவுக்கு வந்துவிட்டது. இந்த முறை மனிமேக்கரிடம் இரண்டு ஜோடி இருந்தது. டர்னில் டைமண்ட் எட்டு, ரிவரில் ஹார்ட்டின் ஐந்து. பட்டம் மனிமேக்கருக்கு.